வடிவு வாரம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் இசக்கிமுத்து என் வீட்டுக்கு வந்தான். என்னிடம் படித்தவன், இப்போது திருநெல்வேலியில் ஒரு பலசரக்குக் கடையில் இருக்கிறான். கடைக்குக் கருப்பட்டி எடுக்க உடன்குடிக்குப் போய்விட்டுத் திரும்பியவன், வாசலில் நின்று கூப்பிடாமல் நேரே உள்ளே வந்தான். நான் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்து பெஞ்சை இழுத்துப் போட்டு, "ஐயா, முதல்ல உக்காருங்க" என்றான். என் மனைவியிடம் ஒரு செம்பு தண்ணீர் கேட்டு வாங்கி என் பக்கத்தில் வைத்தான். பிறகு அவனும் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்து, "நம்ம ஆவுடைநாயகம் வாத்தியார் போயிட்டாக ஐயா. உடன்குடியில வச்சு, புதன்கிழமை. ரொம்பக் கஷ்டப்படல" என்றான்.

எனக்குத் துக்கம் வருவதற்கு முன்னால் கோபம்தான் வந்தது. அந்தப் பெஞ்சு, அந்தச் செம்பு, அந்த நிதானம் எல்லாமே ஆவுடைநாயகம் சொல்லிக்கொடுத்த பாடம். தன்னுடைய சாவுச் செய்தியை எனக்கு எப்படிச் சொல்ல வேண்டும் என்றுகூட முன்கூட்டியே ஒரு பையனைப் பழக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இப்படிப்பட்ட ஆளோடு ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தவன் என்ன பாடு பட்டிருப்பான் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அவருடைய பதினாறாம் நாள் காரியத்துக்குக் கூடப்போகிற பழைய பிள்ளைகள், என்னையும் ஏதாவது எழுதித் தரச் சொல்கிறீர்கள். மகான், தெய்வம், ஊருக்கு விளக்கு என்று மற்றவர்கள் எழுதியிருக்கிறார்களாம். எழுதட்டும். அவர்கள் யாரும் அவருக்குத் தலைமை ஆசிரியராக இருந்ததில்லை. நான் இருந்தேன். ஆகையால் நடந்ததைத்தான் எழுத முடியும்.

எங்கள் பக்கத்தில் துஷ்டி, அதாவது சாவுச் செய்தி, சொல்கிற விதம் உங்களுக்குத் தெரியும். ஒன்று, தெருமுனையிலிருந்தே அலறிக்கொண்டு வருவார்கள். இல்லாவிட்டால், "ஒண்ணுமில்ல, கொஞ்சம் மேலுக்கு முடியல, கிளம்பி வாங்க" என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போவார்கள். கேட்டவன் வழியெல்லாம் செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டே போவான். ஆவுடைநாயகத்துக்கு இது பொறுக்கவில்லை. "'ஒண்ணுமில்ல'ன்னு ஆரம்பிச்சா எல்லாம் போச்சுன்னு அர்த்தம். அப்பிடிச் சொல்லாதீக. ஆளை உக்கார வை, பேரைச் சொல்லு, பக்கத்துல இரு" என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார். மூன்றாம் வகுப்புக்கு! கூட்டல் கழித்தல் தகராறாக இருக்கிற பிள்ளைகளுக்கு!

பாடம் நடத்தினால் மட்டும் போதுமா? ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து வந்து சொல்லிப் பழக வேண்டும் என்றார். நான் அன்றைக்குச் சிலேட்டு வாங்கத் திருநெல்வேலி போயிருந்தேன். ஆள் ஊரில் இல்லாதது வசதியாகப் போயிற்று அவருக்கு. என்னைச் சாகடித்துவிட்டார். ஒரு பையன் எழுந்து, நல்ல தெளிவான குரலில், "பெரிய வாத்தியார் போயிட்டாக" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது வெளியே தயிர்க்காரி போயிருக்கிறாள். அவள் தயிர்ப்பானையை அங்கேயே இறக்கி வைத்துவிட்டு ஓடினாள்.

சாயந்தரம் வண்டியை விட்டு இறங்கினால் எங்கள் தெருவில் ஒப்பாரி. யார் வீட்டில் என்று முதலில் எதிர்ப்பட்ட ஆளைக் கேட்டேன். அவன் என்னைப் பார்த்ததும் ஓட்டம் பிடித்தான். என் துஷ்டிக்கு நானே போய்ச் சேர்ந்தேன். என் மனைவி தலைவிரி கோலமாக இருந்தவள் என்னைக் கண்டதும் மயங்கி விழுந்தாள். கல்லிடைக்குறிச்சியிலிருந்து அவள் அண்ணன் கோடித்துணியோடு வந்திருந்தார். அந்தத் துணியை அவர் என்ன செய்தார் என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனதும் சண்டை பிடித்தேன்.

"ஏன்வே, சாகுததுக்கு உமக்கு வேற ஆளே கிடைக்கலியா?"

"பிள்ளைகளுக்குத் தெரிஞ்ச ஆளா இருக்கணும்லா. போனா வருத்தப்படுத ஆளாவும் இருக்கணும். உம்ம பேரைச் சொன்னதும் ரெண்டு பிள்ளைக நெசமாவே அழுதுட்டுதுவே" என்றார்.

இதற்கு மேல் என்ன சொல்லித் திட்டுவது? "பையன் எப்பிடிச் சொன்னான் தெரியுமா? திக்காம திணறாம சொன்னான். அதைக் கேளும் முதல்ல" என்று வேறு சொன்னார். கேட்டுத் தொலைத்தேன்.

அவர் ராதாபுரம் பக்கத்துக்காரர். பனையைத் தவிர வேறு மரம் பார்க்காத ஊரிலிருந்து எங்கள் ஆற்றங்கரைக்கு உதவி வாத்தியாராக வந்தவர். நெட்டையாக இருப்பார். பேசும்போது மீசை நுனியைக் கடிப்பார். எங்கள் பள்ளிக்கூடம் என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தது பெரியவீட்டுப் பிள்ளைவாளின் பழைய வண்டிக்கொட்டகை. அவர் பெரிய மனது பண்ணிக் கொடுத்திருந்தார். எங்கள் ஊரில் நஞ்சையில் பாதி அவருடையது. மீதிப் பாதிக்காரர்களும் அவர் சொன்னால் கேட்கிறவர்கள். நானும் பிள்ளைமார் வீட்டுக்காரன்தான், அவருக்குத் தூரத்து உறவும்கூட. என்றாலும் அவர் "இடத்தைக் காலி பண்ணும்வே" என்று ஒரு வார்த்தை சொன்னால் மறுநாள் நாங்கள் ஆலமரத்தடிக்குப் போக வேண்டியதுதான். இதை ஆவுடைநாயகம் வந்த அன்றே அவருக்கு விளக்கமாகச் சொன்னேன். "அப்பிடியா" என்று கேட்டுக்கொண்டார். அந்த "அப்பிடியா"வை நான் நம்பியிருக்கக் கூடாது.

வந்த மாதமே சட்டாம்பிள்ளையில் கைவைத்தார். வாத்தியாருக்கு அடுத்தபடியாக வகுப்பை அடக்கி ஆள்கிற மூத்த பையனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பேர். அவன் கையில் ஒரு பிரம்பு இருக்கும். அவன் பெரிய இடத்துப் பையனாக இருப்பான். காலம் காலமாக இப்படித்தான் நடக்கிறது, யாருக்கும் குறை இல்லை, அடி வாங்குகிறவர்களைத் தவிர. ஆவுடைநாயகம் பிரம்பை வாங்கிப் பரண்மேல் போட்டார். உட்கார்ந்திருக்கிற வரிசைப்படி வாரம் ஒரு பிள்ளை சட்டாம்பிள்ளை என்றார். வராத பிள்ளையின் வீட்டுக்குப் போய் ஏன் வரவில்லை என்று கேட்பது, கடைசிப் பிள்ளைக்கும் கணக்கு விளங்கிற்றா என்று பார்ப்பது, வகுப்புக்கு ஒன்று வேண்டும் என்றால் எழுந்து நின்று எங்களிடம் கேட்பது, இதெல்லாம் அந்தப் பிள்ளையின் வேலை.

"பிரம்பு இல்லாம எவன்வே அடங்குவான்?" என்று கேட்டேன்.

"பிரம்பு கையில இருந்தா யாரும் பெரிய ஆள்தான். அது இல்லாம நின்னு பாக்கட்டும்" என்றார்.

இசக்கிமுத்துவின் முறை வந்தது. கோனார் வீட்டுப் பையன். வாயைத் திறந்தால் காற்றுதான் வரும், அப்படி ஒரு கூச்சம். அவன் சட்டாம்பிள்ளை ஆன செய்தி மத்தியானத்துக்குள் பெரியவீட்டுக்குப் போய்விட்டது. பிள்ளைவாள் நேரிலேயே வந்துவிட்டார். பிரம்பு போனதைப் பற்றியோ வாரம் மாறுவதைப் பற்றியோ அவருக்கு ஒன்றும் இல்லை. அவருடைய கஷ்டம் வேறு.

"கோனார் மவன் எப்பிடிவே சட்டாம்பிள்ளை ஆவான்? பிள்ளைன்னு பேருல இருக்குல்லா?" என்றார்.

நான் ஏதோ உளறிச் சமாதானம் சொல்ல வாயைத் திறப்பதற்குள் ஆவுடைநாயகம் மிகவும் பணிவாக, "அண்ணாச்சி சொல்லுதது நியாயம்தான். பேரை மாத்திருதோம்" என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. எவ்வளவு பெரிய முட்டாள் நான்!

மறுநாள் வகுப்பு இசக்கிமுத்துவைச் சட்டாங்கோனார் என்று கூப்பிட்டது. அடுத்த வாரம் கோயில் ஐயர் மகன் முறை, அவன் சட்டாமையர். அதற்கடுத்த வாரம், பிள்ளைவாளின் சொந்தப் பேத்தி வடிவின் முறை. அவள் சட்டாம்மாள். எங்கள் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகள் கொஞ்சம்தான். அவர்களில் எட்டு வயதில் அவ்வளவு சூட்டிகையான குழந்தையை நான் பார்த்ததில்லை. ஆனால் அவளோ அழுதுகொண்டே வீட்டுக்குப் போய், "நான் மட்டும்தான் தாத்தா நெசப் பிள்ளை. எனக்கு ஏன் சட்டாம்பிள்ளைன்னு பேர் இல்ல?" என்று கேட்டுவிட்டாள். படித்துறையில் குளிக்கிறவர்கள் எல்லாரும் இதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். ஆற்றில் முங்கி எழுகிற பிள்ளைவாளின் காதில் விழாமல் இருக்குமா? ஆள் அனுப்பினார். எல்லாப் பிள்ளைகளுக்கும் பழைய பேரே இருக்கட்டும் என்றார். ஆவுடைநாயகம், "அண்ணாச்சி சொன்னாச் சரி" என்று அதற்கும் தலையாட்டினார். பெரியவீட்டுக்காரரைப் பார்த்து ஊர் சிரித்தது என்றால் அதற்கு ஒரு நாள் நாங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாதா? தெரியும். கவலை இல்லை.

பிறகு ரயில். எங்கள் பக்கத்துக்கு ரயில் வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. பெரியவர்களே வண்டிக்குள் ஏறினதும் கண்ணை மூடிக்கொண்டு முருகா முருகா என்று சொன்ன காலம். பிள்ளைகள் தாங்களாக டிக்கெட் கேட்டு வாங்க வேண்டும், தாங்களாக ஏறி இறங்க வேண்டும், தெரியாத ஊரில் வழி கேட்க வேண்டும் என்று ஆவுடைநாயகம் பிடிவாதமாக நின்றார். திருநெல்வேலிக்குப் போய் வரலாம் என்றார். நான் முடியாது என்றேன். பிள்ளைகளிடம், "பெரிய வாத்தியார் முடியாதுன்னு சொல்லுதாக. இல்லைன்னு சொன்னாக் கோவப்படக்கூடாது. எப்ப வரட்டும்னு கேக்கணும்" என்று சொல்லிவிட்டார். தினமும் யாராவது ஒரு பொடிசு என் மேஜைக்கு முன்னால் வந்து நின்று, "ஐயா, எப்ப வரட்டும்?" என்று கேட்கும். உயிரை வாங்கிவிட்டார்கள். சரி, போய்த் தொலையுங்கள் என்றேன்.

அந்த வாரம் மறுபடி இசக்கிமுத்துவின் முறை. எல்லாப் பிள்ளைகளும் ஏறியாயிற்றா என்று பார்த்துவிட்டுக் கடைசியில் அவன் ஏற வேண்டும் என்பது உத்தரவு. அவனும் ஒவ்வொருவராக ஏற்றிவிட்டுத்தான் ஏறினான். ஆவுடைநாயகம் எங்கே இருந்தார்? பிளாட்பாரத்தின் கோடியில் ரயில் கார்டைப் பிடித்து, பச்சைக் கொடிக்கும் சிவப்புக் கொடிக்கும் உள்ள முறைகளைத் துருவித் துருவிக் கேட்டுக்கொண்டிருந்தார், பிள்ளைகளுக்கு விளக்கமாகச் சொல்வதற்காக. கார்டு பதில் சொல்லிக்கொண்டே கொடியைக் காட்டிவிட்டுத் தன் பெட்டியில் தாவி ஏறினார். வண்டி போயிற்று. இவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினாராம். அதைப் பார்க்கிற கொடுப்பினை எனக்கு இல்லை.

செய்தி ஊருக்கு எப்படி வந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகளை ரயில் கொண்டுபோய்விட்டது என்று தாய்மார்கள் வயிற்றில் அடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினார்கள். பிள்ளைவாள் வில்வண்டியில் வந்தார். வடிவும் அந்த ரயிலில் இருந்தாள். ஆவுடைநாயகம் பிளாட்பாரத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு பயத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. எனக்கு அவரை அறையலாம் போலவும் இருந்தது, பக்கத்தில் உட்காரலாம் போலவும் இருந்தது.

திருநெல்வேலியில் நடந்தது பிறகுதான் தெரிந்தது. பிள்ளைகள் இறங்கினார்கள். கூட்டமாக ஓர் ஓரத்தில் உட்கார்ந்தார்கள். வாய் திறந்தால் காற்று வருகிற இசக்கிமுத்து ஸ்டேஷன் மாஸ்டரின் அறைக்குப் போய், "எங்க வாத்தியாரு தொலைஞ்சு போயிட்டாக. கண்டுபிடிச்சுக் குடுக்கணும். நெட்டையா இருப்பாக, மீசையைக் கடிப்பாக" என்று புகார் கொடுத்திருக்கிறான். அங்கே இருந்தவர்கள் சிரித்து முடித்துவிட்டுத் தந்தி அடித்து விசாரித்தார்கள். அடுத்த வண்டியில் பிள்ளைகளைப் பத்திரமாக ஏற்றி அனுப்பினார்கள். வண்டி வந்து நின்றதும் ஒவ்வொரு பிள்ளையாக இறங்க, இசக்கிமுத்து கடைசியில் இறங்கினான்.

"ஏலே, வாத்தியார் ஏறலைன்னு நீ பாக்கலியா?" என்று அவனைப் பிடித்து உலுக்கினேன்.

"பிள்ளைகளைத்தான் பாக்கச் சொன்னாக ஐயா. வாத்தியாரைப் பாக்கச் சொல்லலியே" என்றான்.

ஆவுடைநாயகம் அழுகையும் சிரிப்புமாக அவன் தலையில் கையை வைத்து, "நெசம்தான்லே. அது எம் பிசகு" என்றார். பக்கத்தில் நின்ற பிள்ளைவாள் சிரிக்கவில்லை.

மறுநாள் பெரியவீட்டிலிருந்து ஆள் வந்தது. அந்த வாத்தியாரை அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் கொட்டகையைக் காலி செய்ய வேண்டும். ஆவுடைநாயகம் தன் பெட்டியைக் கட்டினார். நான் அவிழ்த்தேன். எனக்கே ஏன் என்று தெரியவில்லை. அவர் போய்விட்டால் எனக்கு நிம்மதி என்று வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவன் நான். போய்ப் பிள்ளைவாள் காலில் விழுகிறேன் என்றேன்.

"நீரு போனா, இல்லைன்னு ஒரு தடவை சொன்னதும் திரும்பி வந்துருவீரு" என்றார்.

நாங்கள் இப்படிச் சண்டை போட்டுக்கொண்டிருந்ததைப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சண்டையிலேயே ஐயர் மகனின் வாரமும் கழிந்திருந்தது. புதுச் சட்டாம்பிள்ளை வடிவு. பிள்ளைகள் தங்களுக்குள் கூடிக் கூடிப் பேசினார்கள். காலையில் பார்த்தால் எல்லாரும் பெரியவீட்டு முற்றத்தில் வெயிலில் நிற்கிறார்கள். முன்னால் வடிவு. அவள் அந்த வீட்டிலிருந்து பின்வாசல் வழியாகக் கிளம்பித் தெருவைச் சுற்றி முன்வாசலுக்கு வந்து நின்றிருக்கிறாள்! நானும் ஆவுடைநாயகமும் மூச்சு வாங்க ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அவள் பேசிக்கொண்டிருந்தாள்.

"எங்களுக்குக் கொட்டகை வேணும், வாத்தியாரும் வேணும் ஐயா."

தாத்தா என்று சொல்லவில்லை. பிள்ளைவாள் முதலில் சிரித்தார். "உள்ள வா புள்ள, வெயில்ல நிக்காத" என்றார்.

"நான் பேத்தியா வரல. சட்டாம்பிள்ளையா வந்திருக்கேன்."

"முடியாது. போங்க."

"அப்ப எப்ப வரட்டும் ஐயா?"

விட்டால் போதும் என்று அவர், "நாளைக்கு வா" என்று சொல்லிவிட்டார். அதுதான் அவர் செய்த தவறு. வாக்குக் கொடுத்தாயிற்றே. மறுநாளும் வந்தார்கள். அதற்கு மறுநாளும் வந்தார்கள். வீட்டுக்குள் அவள் எப்போதும்போலத் தாத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாளாம். அவர் அந்தப் பேச்சை எடுத்தால், "அதைக் காலையில பேசுவோம் தாத்தா" என்று சொல்லிவிட்டு மோர் ஊற்றுவாளாம். காலையில் முற்றத்தில் அவர் ஐயா ஆகிவிடுவார். தெருவில் வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்தது. அந்த வாரம் முடிவதற்குள் அவர் இறங்கி வந்தார்.

அந்தக் காலையில் அவர் சிரிக்கவும் இல்லை, கோபமாகவும் இல்லை. "கொட்டகை உங்களுக்கு. வாத்தியாரும் இருக்கட்டும்" என்றார். பிள்ளைகள் சத்தம் போட ஆரம்பித்தார்கள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஆனா இந்த வீட்டுப் பொண்ணு முற்றத்துல நின்னு ஊருக்காகப் பேசுதது இன்னையோட சரி. நீ நாளையில இருந்து பள்ளிக்கூடத்துக்குப் போகக்கூடாது. சம்மதமா?"

வடிவு எங்களைப் பார்க்கவில்லை. திரும்பிப் பின்னால் நின்ற பிள்ளைகளைப் பார்த்தாள். இசக்கிமுத்து வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். அவள் மறுபடி முன்னால் திரும்பினாள்.

"கொட்டகைக்குச் சம்மதம் ஐயா. வாத்தியாருக்குச் சம்மதம்." அவரை நிமிர்ந்து பார்த்தாள். "என் காரியத்துக்கு எப்ப வரட்டும்?"

பிள்ளைவாள் எழுந்து உள்ளே போய்விட்டார். அவளும் படியேறி உள்ளே போனாள். எங்களுக்குப் பள்ளிக்கூடம் கிடைத்துவிட்டது.

ஆவுடைநாயகம் நேரே படித்துறைக்குப் போய் உட்கார்ந்தார். நானும் பின்னாலேயே போனேன். "சட்டாம்பிள்ளை மத்தவங்களுக்குக் கேட்டதுக்கு அப்புறம்தான் தனக்குக் கேக்கணும்னு நான்தான்வே சொல்லிக்குடுத்தேன். முதல்ல தனக்குக் கேட்டிருந்தா?" என்றார். கேட்டிருந்தால் கொட்டகை போயிருக்கும் என்றேன். அது உண்மைதான். ஆனால் உண்மை அப்போது யாருக்கு வேண்டும்? "எட்டு வயசுப் பிள்ளைவே. எட்டு வயசு" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த மனுஷனை எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். அன்றைக்கு அவர் பக்கத்துப் படியில் போய் உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகும் அவர் திருந்தினாரா என்றால் இல்லை. வரிசைப்படி வடிவின் முறை மறுபடி வந்தது. வகுப்பில் அவள் இடம் காலியாக இருந்தது. "அடுத்த பிள்ளைக்குப் போம்வே" என்றேன்.

"இந்த வாரம் வடிவு" என்றார்.

"ஆளில்லையே."

"ஆளில்லைன்னா அவ வாரம் இல்லாமப் போயிருமா?"

அந்த வாரம் சட்டாம்பிள்ளை கிடையாது, பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார். முதல் தடவை படு அலங்கோலம். தண்ணீர்ப்பானை உடைந்தது. இரண்டு பேர் கட்டிப் புரண்டார்கள். கூட்டுகிற முறை யாருக்கு என்று தெரியாமல் கொட்டகை குப்பையாகக் கிடந்தது. நான் சொன்னது சரியாகப் போயிற்று என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். ஆனால் முறை வரும்போதெல்லாம் அந்த வாரத்தை அவர் விடாமல் வைத்தார். என் சந்தோஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது. இரண்டு மூன்று ஆண்டுக்குப் பின் வந்த பிள்ளைகளுக்கு வடிவு யார் என்றே தெரியாது. ஆனாலும், "இது வடிவு வாரம்" என்று சொல்லிக்கொண்டு அவர்களே பெருக்கினார்கள், அவர்களே வராத பிள்ளையைத் தேடிப் போனார்கள். தெருவழியே போகும்போது ஆவுடைநாயகம் பெரியவீட்டு ஜன்னலைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவார். உள்ளே யாராவது இருந்தார்களா என்று எனக்குத் தெரியாது.

பிள்ளைவாள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமலேயே போய்ச் சேர்ந்தார். வடிவை அம்பாசமுத்திரத்தில் கட்டிக்கொடுத்தார்கள். அங்கே அவளும் ஓரகத்திமாரும் சமையல்கட்டுச் சாவியை வாரம் ஒருத்தியாக வைத்துக்கொள்கிறார்களாம். இது என்ன புதுப் பழக்கம், நீங்களா சொல்லிக்கொடுத்தீர்கள் என்று அவள் மாமியார் ஒரு கல்யாண வீட்டில் என்னைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டாள். நான் இல்லை அம்மா என்று சொன்னால் நம்பவே இல்லை. அவர் செய்த எல்லாவற்றுக்கும் பேச்சு வாங்குகிறவன் நான்தானே.

ஆவுடைநாயகத்துக்குத் தொண்டை கெட்டுப்போய், சத்தமாகப் பேச முடியாமல் ஆனதும், உடன்குடியில் தங்கை வீட்டோடு போய் இருந்தார். போன தடவை பார்க்கப் போயிருந்தேன். ஆள் பாதியாக இருந்தார். உடம்புக்கு எப்படி என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல், காற்றாகப் போன குரலில், "இந்த வாரம் யாருவே?" என்று கேட்டார். சொன்னேன். "அவன் கூச்சக்காரன்லா, பைய வருவான், விட்டுப் பிடியும்" என்றார். அவர் உடம்பைப் பற்றி நான் கேட்டுக்கொண்டு வந்தது அவ்வளவுதான்.

இசக்கிமுத்து செய்தி சொன்னதற்கு மறுநாள் திங்கட்கிழமை. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட எனக்கு மனசு வரவில்லை. வீட்டில் இருந்து என்ன செய்வது? மூன்றாம் வகுப்பில் ஏழாம் வாய்ப்பாடு சொல்லச் சொன்னேன். பாதியில் அவர்கள் சொல்வது எனக்குக் கேட்கவே இல்லை. மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகள் வாய்ப்பாட்டை நிறுத்திவிட்டார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு பொடிசு எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றது.

"ஐயா, நீங்க வெளிய போய் இருந்துட்டு வாங்க. நாங்க பாத்துக்கிடுதோம்."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. தலைமை ஆசிரியனை வகுப்பை விட்டு வெளியே அனுப்புகிற பள்ளிக்கூடம் இந்த ஜில்லாவில் வேறு எங்காவது உண்டா?

"யாரைக் கேட்டுலே இதைச் சொல்லுதே? இந்த வாரம் சட்டாம்பிள்ளை யாருலே?"

"யாரும் இல்ல ஐயா. வடிவு வாரம்லா."

ஆவுடைநாயகம் எனக்கென்று விட்டுவிட்டுப் போனது இதுதான். என் சொந்தப் பள்ளிக்கூடத்தில், என்னைப் போய் அழுதுவிட்டு வரச் சொல்கிற பிள்ளைகள். வேறு எதையும் நான் அவரிடமிருந்து எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. வெளியே போய்ச் சுவர் ஓரமாக நின்றேன். உள்ளே யாரோ ஒரு பிள்ளை விட்ட இடத்திலிருந்து ஏழாம் வாய்ப்பாட்டை எடுத்தது, மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வருகிற வரைக்கும் ஒரு பிள்ளையும் வெளியே எட்டிப் பார்க்கவில்லை.